ஏரிகளை எண்ணிய என்ஜினீயர்

விசுவேசுவரய்யாவின் வாழ்க்கைக் கதை

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. வானம் பொத்துக்கொண்டது போல மழை!

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுவதும் விடாமல் கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர்.

அந்த வட்டாரம் ஏரிகள் நிறைந்த பூமி. ஓர் ஏரி நிரம்பினால், மிகுந்த தண்ணீர் கலங்கல் வழியாக வழியும். கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கும் அடுத்த ஏரிக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்கு வரும். ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும். செம்பரம்பாக்கம் நிரம்பினாலோ, அதுவும் அடையாற்றில்தான் விழ வேண்டும்.

அன்று ஏரிகள் எல்லாம் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. நவம்பர் மழை அவற்றை நிரப்பி வைத்திருந்தது. புதிதாகப் பெய்த மழைக்கு இடம் ஏது? அத்தனையும் கீழ்நோக்கி ஓடியது.

செம்பரம்பாக்கத்தில் இருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் மக்கள் மாடியில் ஏறி நின்றார்கள். மீனம்பாக்கத்தில் விமானங்கள் தண்ணீரில் நின்றன. ஒரகடத்தில் மோட்டார் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தின. அந்த மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் 400 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

ஊரில் மழையை விட ஆற்று வெள்ளம் பெரிதாக இருந்தது ஏன்? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இதே கேள்வியை 1909-ம் ஆண்டில் ஒரு மனிதர் வேறொரு நகரத்தில் கேட்டார். வெள்ளம் புகுந்த தெருக்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஆற்றின் மேல்பகுதியை ஆராய்ந்தார். அங்கே எத்தனை ஏரிகள் இருக்கின்றன, எத்தனை உடைந்தன என்று கணக்கு எடுத்தார்.

அவர்தான் சர் எம்.விசுவேசுவரய்யா!

ஏழைப் பையன்

மைசூர் சமஸ்தானத்தில் முத்தனஹள்ளி என்று ஒரு சிற்றூர். சிக்கபள்ளாப்பூருக்குப் பக்கத்தில் உள்ளது. சிப்பாய்க் கலகம் அடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். அந்த ஊரில் ஒரு செப்டம்பர் 15-ந் தேதி விசுவேசுவரய்யா பிறந்தார்.

முன்னோர்களின் ஊர், தெலுங்கு நாட்டில் உள்ள மோட்சகுண்டம். அந்தப் பெயர்தான் அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் "எம்" என்ற எழுத்து. தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி படித்தவர். வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை.

தந்தை சீக்கிரம் காலமாகிவிட்டார். பையன் பெங்களூருக்குப் போய்ப் படித்தான். படிப்புச் செலவுக்கு என்ன செய்வது? மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். அதில் கிடைத்த பணத்தில் தானும் படித்தான். பி.ஏ. பட்டம் பெற்றான்.

பிறகு பூனாவில் என்ஜினீயரிங் படிப்பு. அதற்கு மைசூர் அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது. 1883-ம் ஆண்டு பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். 1884-ம் ஆண்டு பம்பாய் மாகாணத்தில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது.

தானே திறக்கும் கதவு

அவர் பார்த்த வேலை எல்லாம் தண்ணீர் வேலை. சிந்து மாகாணத்தில் சுக்கூர் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டு வந்தார். சிந்து நதியின் தண்ணீர் கலங்கலானது. அதைத் தெளிய வைத்துக் கொடுக்க வழி கண்டார்.

பூனா அருகே கடக்வாசலா என்ற ஊரில் ஒரு பெரிய ஏரி உண்டு. மழைக்காலத்தில் அதன் தண்ணீர் வீணாக வழிந்து போயிற்று. கரையை உயர்த்தலாம் என்றால் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். விசுவேசுவரய்யா புது மாதிரிக் கதவுகள் செய்தார். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வரும் வரை கதவுகள் மூடி இருக்கும். அதற்கு மேல் ஏறினால் ஆள் இல்லாமலே தாமாகத் திறந்துகொள்ளும்! வெள்ளம் வடிந்ததும் மூடிக்கொள்ளும். 1903-ம் ஆண்டில் அந்தக் கதவுகள் பொருத்தப்பட்டன. அதற்கு அவர் பெயரில் பேட்டண்ட் உரிமையும் உண்டு.

நள்ளிரவில் ஏரி நிரம்புகிறது; மதகுக்காரர் ஊரில் இல்லை; இருந்தாலும் மேலதிகாரி உத்தரவு வரவில்லை. இந்தத் தொல்லை நம் நாட்டில் எந்தக் காலத்திலும் உண்டு. அதை யோசித்துப் பார்த்தால் அந்தக் கதவின் அருமை விளங்கும்.

வேலையில் அவர் பெயர் ஓங்கியது. ஆனால் தலைமை என்ஜினீயர் நாற்காலி அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குத்தான். இது அவருக்குத் தெரியும். 1908-ல் வேலையை விட்டு விலகினார். வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்.

அவர் வெளிநாட்டில் இருந்தபோதுதான் அந்தப் பயங்கரம் நடந்தது.

ஆறு ஏறிய இரவு

ஐதராபாத் நகரத்தின் நடுவே மூசி நதி ஓடுகிறது. மேற்கே அனந்தகிரி மலையில் பிறந்து வருகிறது. வழியில் ஈசி என்ற ஆறு அதனுடன் சேர்கிறது. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது.

1908-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் மழை பிடித்தது. நகரத்துக்கு மேலே உள்ள ஷம்சாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம் பெய்தது. 48 மணி நேரத்தில் 18.9 அங்குலம்! அதாவது 48 சென்டிமீட்டர்.

செப்டம்பர் 28-ந் தேதி விடிவதற்குள் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. பாலங்கள் போயின. வீடுகள் வரிசை வரிசையாக இடிந்தன. அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு புளியமரம் இருந்தது. சுமார் 150 பேர் அதில் ஏறிக்கொண்டு உயிர் தப்பினார்கள். அந்த மரம் நூறு ஆண்டுகள் கடந்தும் நின்றது. மரம் கிடைக்காதவர்கள்? சுமார் 15,000 பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அப்போது நிஜாமாக இருந்தவர் மகபூப் அலிகான். இனி இப்படி நடக்கக் கூடாது என்று அவர் அரசாங்கம் விரும்பியது. யாரைக் கூப்பிடுவது? விசுவேசுவரய்யாவுக்கு அழைப்புப் போயிற்று. 1909-ம் ஆண்டு ஏப்ரலில் அவர் ஐதராபாத் வந்து சேர்ந்தார்.

788 ஏரிகள்

நகரத்தில் ஆற்றங்கரையை உயர்த்திச் சுவர் எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பலரும் எதிர்பார்த்தது அதுதான்.

அவர் முதலில் மழைக்கணக்குகளைச் சேகரித்தார். எந்த ஊரில், எந்த நேரத்தில், எத்தனை அங்குலம் பெய்தது என்று பார்த்தார். பிறகு ஆற்றின் நீர்ப்பிடிப்பு நிலத்தைக் கணக்கிட்டார். எந்த நிலத்தில் பெய்யும் மழை ஓடிவந்து ஆற்றில் விழுமோ, அந்த நிலம்தான் நீர்ப்பிடிப்பு. மூசிக்கு அது ஏறத்தாழ 860 சதுர மைல்.

அந்த நிலத்தில் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்குக் கிட்டத்தட்ட ஓர் ஏரி! அவற்றில் 221 ஏரிகள் அந்த மழையில் உடைந்து போயிருந்தன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏரி நல்ல நிலையில் இருந்தால், மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். ஊருக்குக் காவல்காரன் அது. ஆனால் கரை உடைந்தால்? பல நாள் சேர்ந்த தண்ணீர் ஒரே மூச்சில் பாயும். அந்த வேகத்தில் கீழே உள்ள ஏரியின் கரையும் போகும். அதற்குக் கீழே உள்ளதும் போகும். சீட்டுக்கட்டு சரிவது போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். ஐதராபாத் மக்கள் கண்டது வெறும் மழைவெள்ளம் அல்ல. மேலே உடைந்த ஏரிகளின் தண்ணீரும் அதில் கலந்திருந்தது.

அந்த நாளில் ஆற்றில் நொடிக்கு 4 லட்சத்து 25 ஆயிரம் கன அடி ஓடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். எந்தச் சுவர் அதைத் தடுக்கும்?

நகரத்துக்குச் சில மைல் மேலே, மூசியில் ஓர் அணை, ஈசியில் ஓர் அணை கட்ட வேண்டும் என்று விசுவேசுவரய்யா அறிக்கை கொடுத்தார். வெள்ளத்தை நகரத்துக்குள் வரும் முன்பே தேக்க வேண்டும்; பிறகு ஆறு தாங்கும் அளவுக்கு விட வேண்டும். இதுவே திட்டம். நகரத்துக்குச் சாக்கடை வசதி, ஆற்றங்கரையில் பூங்கா இவற்றுக்கும் யோசனை சொன்னார். 1909 அக்டோபரில் அறிக்கை தயார்.

மூசியில் உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது. ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-ல் முடிந்தது. ஐதராபாத் மக்கள் பல ஆண்டுகள் குடித்த தண்ணீர் அந்த இரண்டு ஏரிகளின் தண்ணீர்தான்.

உஸ்மான் சாகரின் கொள்ளளவு சுமார் 390 கோடி கன அடி. நம் செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 364 கோடி கன அடி. ஏறத்தாழ அண்ணன் தம்பி!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1908-ல் வந்த வேகத்தில் வெள்ளம் வந்தால், உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் இரண்டும் காலியாக இருந்தாலும் நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அப்படியானால் ஏற்கெனவே நிரம்பி இருக்கும் ஏரியால் என்ன பயன்? குடிதண்ணீருக்கு ஏரி நிரம்பி இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு ஏரியில் காலி இடம் வேண்டும். இரண்டு விருப்பமும் ஒன்றோடொன்று சண்டை போடும். மாமியார் மருமகள் சண்டைகூடத் தீர்ந்துவிடும், இது தீராது.

திவான்

1909 கடைசியில் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமை என்ஜினீயராக அழைத்துக்கொண்டது. காவிரியில் கண்ணம்பாடி அணை வேலை 1911-ல் தொடங்கியது. அதுதான் கிருஷ்ணராஜ சாகர். அங்கேயும் தானே திறக்கும் கதவுகளைப் பொருத்த ஏற்பாடு செய்தார். காவிரித் தகராறு பெரிய கதை. அதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

1912-ல் இருந்து 1918 வரை மைசூர் திவான். பாங்கி, பல்கலைக்கழகம், பத்திராவதி இரும்புத் தொழிற்சாலை என்று பல காரியங்கள் அவர் முயற்சியால் எழுந்தன. தலையில் மைசூர்த் தலைப்பாகை, உடம்பில் மடிப்புக் கலையாத கோட்டு. நேரம் தவறாதவர்.

வயதாகியும் வெள்ளம் அவரை விடவில்லை. 1930-களின் கடைசியில் ஒரிசாவில் மகாநதி வெள்ளம் பற்றி யோசனை கேட்டார்கள். அங்கேயும் அவர் மேலேதான் பார்த்தார். ஆற்றின் மேல்பகுதியில் நீரைத் தேக்க வேண்டும் என்றார். ஹிராகுட் அணை 1957-ல் அங்கே வந்தது.

1955-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் வழங்கப்பட்டது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். 1962-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பெங்களூரில் காலமானார். அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ இந்தியாவில் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் காணாத மாறுதல்

விசுவேசுவரய்யா காலத்து என்ஜினீயர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சென்ற காலத்து மழைக்கணக்கு வருங்காலத்துக்கும் செல்லும் என்பதே அது. ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டுக் கணக்கை எடுப்பார்கள். அதில் பெரிய மழையைப் பார்ப்பார்கள். அதற்கு ஏற்றபடி கலங்கலை அகலப்படுத்துவார்கள், கரையை உயர்த்துவார்கள். நூறு ஆண்டில் ஒரு முறை வரும் வெள்ளம் என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். நூறு ஆண்டுக்கு ஒரு தரம் தவறாமல் தவணை முறையில் வரும் என்று அர்த்தம் இல்லை. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றுதான் அர்த்தம்.

அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து எரிந்து பூமியின் காற்று சூடேறியிருக்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரம். வெயிலில் வைத்த ஈரத்துணி சீக்கிரம் உலர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரம் காற்றில்தான் போகிறது. கடலும் சூடாக இருந்தால் அங்கிருந்தும் ஈரம் ஏறுகிறது. பிறகு மழை கொட்டும்போது பெரிதாகக் கொட்டுகிறது.

மத்திய இந்தியாவில் பரவலான பெருமழை 1950-க்கும் 2015-க்கும் இடையே மூன்று மடங்காகி இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் எழுதினார்கள். நம் பக்கத்திலும் பாருங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது! தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரிகளும் குளங்களும் உடைந்தன.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். 2015 சென்னை மழைக்குப் பூமிச் சூடுதான் காரணம் என்று அதை ஆராய்ந்த நிபுணர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஒரு மழையைக் காட்டி இதுதான் அது என்று விரல் நீட்டுவது கடினம். ஆனால் சூடு ஏற ஏறப் பெருமழைக்கு வாய்ப்பு கூடும் என்பதில் அவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை.

ஒரகடம் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன்பு வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இடங்களில் தொழிற்சாலைக் கூரைகளும் சிமெண்ட் தரையும் அகலச் சாலைகளும் வந்துவிட்டன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போடுகின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மண் குடிக்கும், சிமெண்ட் குடிக்காது! ஒரு ஏக்கரில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் 165 லாரி. மண்ணாக இருந்தால் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும். மீதியும் மெதுவாக ஓடும். கூரையிலும் தரையிலும் விழுந்தால் அத்தனையும் உடனே வாய்க்காலுக்கு வரும். வாய்க்கால் தூர்ந்திருந்தால்? சாலைக்கு அடியில் குழாய் குறுகலாக இருந்தால்? தண்ணீர் தனக்குத் தெரிந்த பழைய வழியில் போகும். அந்த வழியில் இப்போது யார் வீடு இருக்கிறதோ, அவர்கள் வீட்டுக்குள் போகும்.

விசுவேசுவரய்யா கட்டச் சொன்ன ஏரிகளுக்கும் இந்தச் சோதனை வந்திருக்கிறது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்ப்பிடிப்பில் தொழிற்சாலைகளும் பெரிய கட்டடங்களும் வரக் கூடாது என்று 1996-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. 2022-ல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இடையில் 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் பெருமழை. ஹிமாயத் சாகர் கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. நகரத்துக்குள்ளே பழைய ஏரிகளின் கரைகள் உடைந்து தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. 1908-ல் ஏரி உடைந்தது நகரத்துக்கு மேலே. 2020-ல் ஏரியைச் சுற்றி நகரமே வந்துவிட்டது.

இங்கே, 2015-க்குப் பிறகு ஒரத்தூரில் ஒரு புதிய நீர்த்தேக்கத்துக்கு வேலை தொடங்கியது. அடையாறு பிறக்கும் பக்கத்திலேயே தண்ணீரை நிறுத்திவைக்கும் முயற்சி அது.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2020 நவம்பர் 25-ந் தேதி நிவார் புயல் நெருங்கியது. மழை வலுத்தது. அன்று ஏரியில் தண்ணீர் 22 அடியைத் தொட்டது. முழுவதும் நிரம்பட்டும் என்று காத்திருக்கவில்லை. அடையாற்றங்கரை மக்களுக்கு முன்னதாக அறிவிப்புச் செய்தார்கள். பட்டப்பகலில், நொடிக்கு 1,000 கன அடியில் தொடங்கி, மதகுகளைத் திறந்தார்கள். மேலே இரண்டு அடி காலியாக இருந்தது.